கொடியேற்றம் முதல் விடையாற்றி வரை: வாசகர் கேள்வி – பதில்

பங்குனி, சித்திரை மாதங்களில் குடும்பத்தோடும் குழந்தைகளோடும் கலந்துகொள்ளத்தக்க பேட்டைத் திருவிழாக்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்குமேல் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவையே சுற்றி வந்தன. இந்தப் பகுதியை எழுதுகிறவன் தெற்கு மாடவீதிக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன் என்பது வாசகர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போலும். எனவே பதில்களில் கொஞ்சம் பாசம் கலந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: புனேயில் வசிக்கும் என் மகள், 5 வயதும் 8 வயதும் ஆன பிள்ளைகளோடு இந்தப் பங்குனிக்கு வருகிறாள். அவர்களை அறுபத்துமூவர் விழாவுக்கு அழைத்துப்போக ஆசை. ஆனால் கூட்டத்தை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. எந்த நாளில் போவது நல்லது? – மந்தைவெளி வாசகி

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. பலர் செய்யும் தவறு, பத்து நாள் விழாவில் எட்டாம் நாள் பிற்பகலை மட்டுமே விழா என்று நினைத்துக்கொண்டு, வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் சிறு பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் நிறுத்துவது. அங்கே அந்தக் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகுதான். அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்குகளில் வரிசையாக வருகிறார்கள், கோலவிழி அம்மனும் முண்டகக்கண்ணி அம்மனும் திருவள்ளுவரும் வாசுகியும் உடன் வருகிறார்கள், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து முருகன் வந்து சேர்ந்துகொள்கிறார் என்பதெல்லாம் அந்த முதுகுக்கு அப்பால் நடக்கும் செய்திகள்.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நான் மூன்று வேளைகளைச் சொல்வேன். முதலாவது, மூன்றாம் நாள் விடியற்காலை. கபாலீசுவரர் அதிகார நந்தி வாகனத்தில் கோபுர வாசலைத் தாண்டி வெளியே வரும்போது வானம் முழுதும் வெளுத்திருக்காது. வெயில் இல்லை, கூட்டமும் ஓரளவு தாங்கத்தக்கதாக இருக்கும். பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது கடினம்தான், ஆனால் அந்த நேரத்தில் எழுப்பப்பட்ட குழந்தை அதை மறப்பதில்லை. இரண்டாவது, ஏழாம் நாள் காலைத் தேர். மூத்தவனையோ மூத்தவளையோ வடத்தில் கைவைக்கச் செய்யுங்கள். முன்பகுதியில் நெருக்கடி அதிகம், தேருக்கு அருகே சக்கரத்தின் ஆபத்து உண்டு, எனவே வடத்தின் நடுப்பகுதியில், பெரியவர் இருவருக்கு இடையில் நிறுத்துங்கள். தேர் நகரத் தொடங்கும் கணத்தில் அந்தத் தடித்த கயிறு விறைத்துக் கைக்குள் துடிப்பதை உணர்ந்தாலே போதும், இழுத்துக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: எட்டாம் நாள் காலை. பிற்பகல் ஊர்வலத்துக்காக எல்லோரும் தெம்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் வேளையில், பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய ஐதீகம் நடைபெறும். மகள் இறந்ததும் தந்தை சிவநேசர் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் வைத்துக் காத்திருந்தார் என்பது கதை. சம்பந்தர் அந்தக் குடத்தை நோக்கி என்ன பாடினார் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். உயிர் கொடு என்று அவர் நேராக வேண்டவில்லை. ஐப்பசி ஓண விழாவைப் பார்க்காமலே போகிறாயா, கார்த்திகை விளக்கீட்டைப் பார்க்காமலே போகிறாயா, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், இவற்றையெல்லாம் பார்க்காமலே போகிறாயா என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு விழாவைச் சொல்லிக் கேட்கிறார். ஏழாம் நூற்றாண்டில் ஒரு பேட்டையின் ஆண்டு நிகழ்ச்சி நிரலையே ஒரு பெண் குழந்தையின் முன் விரித்துக் காட்டியிருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும், திருவிழாவுக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்காத குழந்தை உண்டா?

பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். தேர், அறுபத்துமூவர் நாட்களில் வண்டிகளுக்கு மாடவீதிகளில் இடமில்லை. பிள்ளைகளின் மணிக்கட்டில் பேனாவால் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவிடுங்கள். சட்டைப்பையில் சீட்டு வைப்பதில் பயனில்லை, நீர்மோரில் நனைந்துவிடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். இலக்கணப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம், சித்திரையும் வைகாசியுமே இளவேனில். பங்குனி விழாவை வசந்த விழா என்று உங்கள் இதழ் குறிப்பிடுவது பொருந்துமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: ஐயா, ஏட்டின்படி தாங்கள் சொல்வதே சரி, சென்ற இதழின் தலைப்புக்கு நானே பொறுப்பு. ஆனால் சென்னையில் பங்குனி பிறந்தபின் பனியைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். வேம்பு பூக்கத் தொடங்கிவிடுகிறது, மாவடு சந்தைக்கு வந்துவிடுகிறது, புங்க மரம் தளிர்த்து நிற்கிறது. சாந்திரமானக் கணக்கை, அதாவது நிலவை வைத்து மாதம் எண்ணும் முறையைப் பின்பற்றும் நம் தெலுங்கு, கன்னட அண்டை வீட்டாருக்கு யுகாதியோடு வசந்தம் தொடங்கிவிடுகிறது, அது பெரும்பாலும் நம் பங்குனியில்தான் வருகிறது. மாடவீதியில் இரு கணக்கினரும் வசிக்கிறார்கள் என்பதால் தீர்ப்பைத் தள்ளிவைக்கிறேன்.

கேள்வி: விழாவுக்கு அழைத்துப் போனால் என் பிள்ளைகள் ஊதலும் பலூனும் வாங்கியதும் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். கலை என்று அவர்கள் கற்றுக்கொள்ள அங்கே என்னதான் இருக்கிறது? – பெரம்பூர் வாசகர்

பதில்: முதலில் ஊதலுக்காகவும் பலூனுக்காகவும் வாதாடிவிடுகிறேன். மரச்சொப்பு, மண் சொப்பு, பனையோலை விசிறி, கிலுகிலுப்பை, பம்பரம் ஆகியவற்றைத் தரையில் துணி விரித்து அடுக்கியிருக்கும் அந்தக் கடைகளும் விழாவின் கலைப்பகுதியே. ஆண்டு முழுவதும் தொடுதிரையைத் தேய்க்கும் விரல், ஒரு குட்டி மரத்திருகையைச் சுற்றிப் பார்க்கட்டும். அந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

ஆனால் கேள்வி அதுவல்ல என்பது தெரிகிறது. குழந்தை சலித்துப்போவதற்குக் காரணம் கலை இல்லாமை அன்று, எதைப் பார்ப்பது என்று யாரும் காட்டிக்கொடுக்காமையே. கோயில் வாசலில் சாமி புறப்படும் முன் நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். அதற்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது, பெரும்பாலும் கம்பீர நாட்டை இராகத்தில் ஐந்தே சுரங்களில் அமைந்திருக்கும். தேருக்கு ஒன்று, தளிகைக்கு, அதாவது சாமிக்கு அமுது படைக்கும்போது ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று மல்லாரியில் வகைகள் உண்டு. பண்டைக் காலத்தில் தெருக்கோடி வீட்டில் இருப்பவர்கூட மல்லாரியைக் கேட்டே இன்ன நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று அறிந்துகொண்டிருப்பார்கள். நம் கைப்பேசியில் அம்மாவுக்கு ஒரு மணி, அலுவலகத்துக்கு ஒரு மணி வைத்துக்கொள்கிறோமே, அதைப் போல. இதைச் சொன்னால் பிள்ளை காதைத் தீட்டிக்கொள்ளும்.

பிறகு தவில்காரரின் பக்கம் பிள்ளையைத் திருப்பி நிறுத்துங்கள். இடக்கையில் ஒரு குச்சி, வலக்கை விரல்களில் வெள்ளைத் தொப்பிகள். அவற்றைக் 'கூடு' என்பார்கள். துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றி இறுக்கிக் காயவைத்து, விரலின் அளவுக்கே செய்துகொள்வது. ஒருமுறை, வாகனம் வடக்கு மாடவீதித் திருப்பத்தில் நின்றிருந்தபோது, இளைஞர் ஒருவர் தம் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, மீண்டும் அழுத்தி மாட்டிக்கொண்டதை, அருகில் நின்ற ஒரு சிறுமி வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றைக் கழற்றி அவள் சுண்டுவிரலில் மாட்டிவிட்டார். அது அவள் விரலுக்குக் கிணறு மாதிரி இருந்தது. அதற்குப்பின் அந்தப் பெண் பலூன் கேட்டதை நான் பார்க்கவில்லை.

தேரில் இன்னொருவரைக் காட்டுங்கள்: முட்டுக்கட்டை போடுபவர். அன்றாடப் பேச்சில் இது வசைச்சொல். எந்தக் காரியத்தையும் தடுக்கிறவனுக்கு இந்தப் பெயர். தேரடியிலோ அவரில்லாமல் தேர் ஓடாது. ஆயிரம் பேர் இழுத்து வரும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் உருளும் சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைச் செருகுகிறவர் அவரே. எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில், எந்த நொடியில் என்பது கைப்பழக்கம். ஒரு கணம் பிசகினால் கை போய்விடும். பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடமும் ஆயிற்று, ஒரு மரபுத்தொடரின் பிறந்த வீட்டைக் காட்டியதும் ஆயிற்று.

கையால் செய்து பார்க்கத்தக்க கலை என்றால் கோலம். கோலப்போட்டி மயிலையில் ஜனவரியில் வடக்கு மாடவீதியில் நடப்பது பலருக்குத் தெரியும். ஆனால் போட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சாமி வரும் தெருவில் வாசலைத் தெளித்துக் கோலமிடுகிறவர்களிடம், எங்கள் பிள்ளை ஒரு ஓரத்தில் புள்ளி வைக்கட்டுமா என்று கேட்டால், மறுப்பவர்களை நான் கண்டதில்லை. அதற்குமுன் வீட்டில் பழக்குங்கள். ஏழு புள்ளி, நான்கு வரை ஊடுபுள்ளி என்பது தொடக்கத்துக்கு நல்ல அளவு. நடுவரிசையில் 7 வைத்து, அதன் மேலும் கீழும் இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக 6, பிறகு 5, பிறகு 4 என்று வைத்தால் மொத்தம் 37 புள்ளிகள் வந்து அறுகோணமாக நிற்கும். பிள்ளையை எண்ணச் சொல்லாதீர்கள், தானே எண்ணும். வட்டப் பூவோ நட்சத்திரமோ இதில் எளிதாக இணையும். சிக்குக் கோலம் அதற்கு அடுத்த படி. கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் வளைத்துச் சென்று, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும்.

முதல் இரண்டு நாள் மாவு கட்டி கட்டியாக விழும். கட்டைவிரல் மாவை நசுக்கக் கூடாது, ஆட்காட்டி விரலின்மேல் மெதுவாகத் தள்ள வேண்டும். தரை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் கோடு கரையும், முழுதும் காய்ந்திருந்தால் காற்றில் பறக்கும். தெளித்துப் பெருக்கியபின் அரை ஈரத்தில் தொடங்குவதே முறை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பாட்டி. ஆண் பிள்ளைக்கு எதற்குக் கோலம் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, அவன் கை சும்மா இருந்தால் என் வெல்லத்தில் அல்லவா இருக்கும் என்றார்.

கேள்வி: வேளச்சேரியில் 120 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். சித்திரை முதல் நாளை ஒட்டிக் குடும்பக் கலைவிழா நடத்த விரும்புகிறோம். நிகழ்ச்சி நடத்தித் தரும் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று சங்கத்தில் பாதிப்பேரும், வேண்டவே வேண்டாம் என்று மீதிப்பேரும் சண்டையிடுகிறார்கள். உங்கள் கருத்து என்ன? – வேளச்சேரி வாசகி

பதில்: அம்மா, பட்டறிவிலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் இதே விழாவை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். மேடை வந்தது, வண்ண விளக்கு வந்தது, வாடகை நாற்காலி வரிசையாக வந்தது. குழந்தைகள் அந்த நாற்காலிகளில் மூன்று மணி நேரம் உட்கார வைக்கப்பட்டார்கள். தொகுப்பாளர் இன்னும் சத்தமாகக் கைதட்டுங்கள், இன்னும் சத்தமாக என்று அவர்களை மிரட்டிக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கியின் அதிர்வு தாங்காமல், உடல்நலமில்லாத பெரியவர் ஒருவரின் வீட்டிலிருந்து இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் காவல்துறை வாகனம் வாசலில் வந்து நின்றது. விழா முடிந்தபோது யார் வீட்டிலும் யாருக்கும் புதிதாக ஒருவரைத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு மேடை வேண்டாம் என்று முடிவு செய்தோம். தரைத்தள வாகன நிறுத்தத்தைக் காலி செய்து, சாக்கட்டியால் தரையில் தாயக் கட்டமும் பாண்டியும் வரைந்தோம். மூன்று வீடுகளில் பரணில் கிடந்த பல்லாங்குழிகள் இறங்கி வந்தன. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை. காலியாக இருந்த குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்தார், எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று இன்னொரு பாட்டி மறுத்தார். அந்த வழக்கு இரவு உணவு வரை நீடித்தது. பத்து வயதுப் பிள்ளைகள் சுற்றி நின்று இரு தரப்புக்கும் ஆதாரம் திரட்டினார்கள். வேப்பம்பூப் பச்சடியை ஏழு வீடுகள் ஏழு பக்குவத்தில் செய்துவந்தன. அவற்றில் ஒன்றில் வேப்பம்பூ இருந்ததற்கான தடயமே இல்லை என்பது பொதுக் கருத்து, செய்தவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று வாசித்ததும் பாடியதும் வரைந்ததும் குடியிருப்பில் இருப்பவர்களே. தேறாத பாட்டும் இருந்தது, ஆனால் தேறாத பாட்டைப் பாடியது நமக்குத் தெரிந்த பிள்ளை என்றால் அதைக் கேட்கும் விதமே வேறு.

ஆகவே என் வாக்கு மீதிப்பேருக்கு. வேலையை வீடுவாரியாகப் பிரியுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பை, அதுவும் உண்மையான பொறுப்பாக, அது செய்யாவிட்டால் விழாவே நின்றுவிடும் என்ற அளவில் கொடுங்கள். பானகம் கரைப்பதோ, வயதானவர்களை வீட்டுக்குப் போய் அழைத்து வருவதோ, விளக்கை அணைப்பதோ எதுவாகவும் இருக்கலாம். ஒலிபெருக்கி வைத்தே ஆக வேண்டும் என்றால், முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல் வரையே அனுமதி. பேச்சு சற்று உரத்தாலே அதைத் தாண்டிவிடும் என்பதால், ஒலிபெருக்கியே வேண்டாம் என்பதுதான் எளிய வழி.

சங்கச் சண்டையைப் பொறுத்தவரை, அது புதிதல்ல. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், வீதிகளிலும் மன்றங்களிலும் பழமணலை மாற்றிப் புதுமணலைப் பரப்புங்கள் என்றும், வாழையும் கரும்பும் நடுங்கள் என்றும் வரிசையாக அறிவித்துவிட்டு, பகைவரோடேயானாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள் என்று தனியாக ஒன்றைச் சேர்க்கிறான். இருபத்தெட்டு நாள் விழா அது. இத்தனை நாள் ஊர் கூடினால் என்ன ஆகும் என்பதை அவன் அறிந்திருக்கிறான். மாடவீதித் தேரைச் சொன்னேனே, உங்கள் சங்கத்திலும் எதையெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர் இருப்பார். அவரிடம் கணக்கு வழக்கை ஒப்படையுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, எங்கள் குடியிருப்பில் பணம் மிஞ்சியதற்குக் காரணம் அவரே.

கேள்வி: நாங்கள் கிறித்துவக் குடும்பம், கச்சேரி சாலைக்கு அருகே வசிக்கிறோம். என் பிள்ளைகளின் நண்பர்கள் எல்லோரும் அறுபத்துமூவருக்குப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் போவது யாருக்கேனும் சங்கடமாக இருக்குமா? – மயிலாப்பூர் வாசகி

பதில்: தெருவில் நடக்கும் விழா தெருவில் வசிப்பவர்களுக்கு உரியது. நீர்மோர்ப் பந்தலில் யாரும் பெயர் கேட்பதில்லை. பிள்ளைகளின் நண்பர் வீட்டாரோடு அனுப்புங்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்: பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் முழுநிலவைக் கணக்கிட்டே வருவதால், பல ஆண்டுகளில் இரண்டும் அடுத்தடுத்து அமைந்துவிடுகின்றன. 2023-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 5, புனித வெள்ளி ஏப்ரல் 7, ஈஸ்டர் ஏப்ரல் 9. அதே நாட்களில் ரமலான் நோன்பும் நடந்துகொண்டிருந்தது. கபாலி கோயிலிலிருந்து சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம் என்கிற ஒரு பேட்டையில், ஒரே வாரத்தில் தேரும் சிலுவைப்பாதையும் நோன்புக் கஞ்சியும் பார்த்து வளரும் பிள்ளைக்கு நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது. பதிலுக்கு நீங்களும் ஈஸ்டர் அன்று அந்த நண்பர்களைச் சாப்பிட அழையுங்கள். அவர்கள் சைவமா என்று முன்பே கேட்டுக்கொள்வது மட்டும் நல்லது.

கேள்வி: அறுபத்துமூவர் முடிந்த மறுநாள் காலை மாடவீதியில் நடந்தேன். கோப்பைகளும் தட்டுகளும் கணுக்கால் அளவு கிடந்தன. தானம் செய்கிறவர்களுக்கு இதைப் பற்றிக் கவலையே இல்லையா? – மயிலாப்பூர் வாசகர்

பதில்: கவலை இருக்கிறது, கோப்பைக்கு மாற்றுத்தான் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் அதில் அடங்கும் என்பதைப் பலர் அறியார், காகிதம்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். தானம் செய்கிறவர்கள் சுண்டலை மந்தாரை இலையிலோ தொன்னையிலோ தரலாம். மோருக்குப் பத்துப் பன்னிரண்டு எவர்சில்வர் தம்ளரும், கழுவ ஒரு வாளி நீரும், அதற்கென இரண்டு பிள்ளைகளும் போதும். நாம் நம் பங்குக்கு வீட்டிலிருந்தே தம்ளர் கொண்டுபோகலாம். சென்ற ஆண்டு நான் அப்படிக் கொண்டுபோனேன். மோர் ஊற்றிய பெரியவர், வழக்கமான அளவைவிடப் பெரிய தம்ளராக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே நிறைத்தார்.

கேள்வி: வேலை நிமித்தம் வெளியூரில் இருந்ததால் இம்முறை பத்து நாளும் தவறிவிட்டன. பிள்ளைகள் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். இனி அடுத்த ஆண்டுதானா? – ஆலந்தூர் வாசகர்

பதில்: இல்லை, விடையாற்றி இருக்கிறது. பத்தாம் நாள் தீர்த்தவாரியும் திருக்கல்யாணமும் முடிந்தபின், பத்து நாள் ஊரைச் சுற்றிய சாமிக்குக் களைப்புத் தீரும்படி மாலைகளில் இசைக்கச்சேரிகளும் நாட்டியங்களும் நடத்துவார்கள். விடாயை, அதாவது களைப்பையும் தாகத்தையும், ஆற்றுவது விடையாற்றி. நுழைவுச்சீட்டு கிடையாது, நெரிசல் கிடையாது. பிள்ளை நடுவில் எழுந்து ஓடினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அகநானூற்றில் ஒரு பாட்டு பங்குனி விழா முடிந்த மறுநாளைப் பேசுகிறது. உறையூருக்கு அருகே ஆற்றங்கரைச் சோலையில் ஊரே கூடிச் சமைத்து உண்டு களித்துப் போய்விட்டது. மறுநாள் அங்கே மரங்களும், தீ இல்லாத அடுப்புகளும் மட்டும் கிடக்கின்றன. பிரிவை நினைந்து ஒளி இழந்த தலைவியின் நெற்றிக்கு அதை உவமையாகச் சொல்கிறார் புலவர். திருவிழா முடிந்த தெருவைப் பார்த்தவர்களுக்கு அந்த வெறுமை தெரியும். மயிலையில் அடுப்பைச் சட்டென்று அணைத்துவிடாமல் விடையாற்றி என்ற பெயரில் மேலும் சில நாள் தணலாக வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை மாலை ஐந்தரைக்கே அழைத்துப் போய்ப் புன்னைமரத்தைச் சுற்றிவிட்டு, கச்சேரி தொடங்கும்போது பின்வரிசையில் உட்காருங்கள். ஸ்ரீபாதம் தாங்கிகளில் சிலர், அதாவது அத்தனை நாளும் வாகனங்களைத் தோளில் சுமந்தவர்கள், அங்கே தூணில் சாய்ந்திருப்பார்கள். தண்டு அழுத்தி அழுத்தித் தோள் காய்த்துப் போயிருக்கும். கேட்டால் தொட்டுப் பார்க்க விடுவார்கள். ரிஷப வாகனத்தில் எந்தத் திருப்பம் கடினம் என்று கேளுங்கள், கச்சேரி முடியும் வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.